பட்டமா, பட்டறையா?

நகரத்து அடுக்ககம் ஒன்றில் நீரேற்றும் மோட்டார் பழுதுபட்டால், மின்பணியாளர் வந்து சேர ஒரு நாளாகும். சில வேளைகளில் இரண்டு நாளும் ஆகும். அவர் வரும் வழியைப் பார்த்துக் காத்திருக்கும் அதே அடுக்ககத்தில், தம் மகனோ மகளோ மின்பணியாளராக வேண்டும் என்று விரும்பும் பெற்றோரைத் தேடினால் ஒருவர் கிடைப்பதும் அரிது. தொழில் வேண்டும்; தொழிலாளி வேறொருவர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். நம் நாட்டில் தொழிற்கல்வியைப் பற்றிய பேச்செல்லாம் இந்த முரண்பாட்டில் வந்துதான் முட்டி நிற்கிறது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் கோடைக்காலத்தில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியுள்ளது. அம்முடிவில் பிள்ளையின் எதிர்காலம் மட்டுமன்றி, குடும்பத்தின் சேமிப்பும் அடங்கியிருக்கிறது. ஆகவே, கல்லூரிப் பட்டத்தையும் தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்கும் மின்பணியாளர் படிப்பையும், உணர்ச்சியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, கணக்கேட்டின் இரு பக்கங்களைப் போல ஒப்புநோக்கிப் பார்ப்பது பயன் தரும்.

முதலில், அந்தப் படிப்பு என்ன என்பதை அறிந்துகொள்வோம். கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ஆம் ஆண்டு மத்திய அரசால் தொடங்கப்பெற்றது. அதன்கீழ் இன்று நாடெங்கும் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்பயிற்சி நிலையங்கள், அதாவது ஐ.டி.ஐ.கள், இயங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தனியார் நிலையங்கள். மின்பணியாளர் பிரிவில் சேர, கணிதமும் அறிவியலும் பாடங்களாகக் கொண்டு பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சி இரண்டு ஆண்டுகள். இறுதியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேர்ச்சி பெறுவோருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. நாட்டின் எம்மாநிலத்திலும் இச்சான்றிதழ் செல்லும்.

இதனைத் திருப்புளியும் குறடும் பிடிக்கும் பயிற்சி என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையானது. மும்முனை இணைப்புள்ள ஒரு வீட்டில் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால் என்ன நிகழும் என்று எண்ணிப் பார்க்கலாம். மின்சாரம் நின்றுவிடும் என்பதே பலரும் தரும் விடை. உண்மையில் நேர்வது வேறு. 230 வோல்ட் வரவேண்டிய சுற்றுகளுள் ஒன்றில் அழுத்தம் வெகுவாகக் குறையும். மற்றொன்றில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கும் உயரக்கூடும். குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் கருகுவது இதனால்தான். காரணம் அறியாதவர் கருகிய கருவிகளை மாற்றித் தந்துவிட்டுப் போவார், புதியவையும் கருகும். காரணம் அறிந்தவர் முதலில் அறுந்த நியூட்ரலைத் தேடுவார். அந்த அறிவைத்தான் இரண்டு ஆண்டுகளும் புகட்டுகின்றன: ஓமின் விதியில் தொடங்கி, எர்த்திங், மின்கம்பி இணைப்பு, மோட்டார்களின் இயக்கமும் பழுதும், கட்டுப்பாட்டுப் பலகை, இன்வெர்ட்டர் என்று பாடத்திட்டம் விரிகிறது. இப்பாடநூல்களை வெளியிடும் தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனம், ஜெர்மனியின் ஒத்துழைப்புடன் 1986-இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்டது என்பதும், தமிழிலும் அந்நூல்கள் கிடைக்கின்றன என்பதும் நம் வாசகர்கள் அறியத்தக்க செய்திகள்.

கடனும் காலமும்

இனி, பணத்துக்கு வருவோம். நான்காண்டுப் பட்டப்படிப்புக்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வீதம் ₹4 இலட்சம் கல்விக்கடன் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி, கணக்கின் எளிமைக்காக, ஆண்டுக்கு 10 விழுக்காடு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை விடுப்பு உண்டு. தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு அன்று. முதல் தவணைப் பணத்துக்கு ஐந்தாண்டு, இரண்டாவதற்கு நான்காண்டு, அடுத்தவற்றுக்கு மூன்றும் இரண்டும் எனத் தனிவட்டியாகக் கணக்கிட்டாலே ₹1,40,000 சேர்ந்துவிடும். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் கடன் ₹5,40,000. பத்தாண்டுகளில் அதனை அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ ₹7,140 செலுத்த வேண்டும். பட்டம் பெற்றவருக்கு நல்ல வேலை அமைந்தால் இது தாங்கக்கூடிய சுமையே. வேலை அமைய இரண்டாண்டு தாமதித்தால், அச்சுமை தந்தையின் ஓய்வூதியத்தின் மீதோ தாயின் நகைகளின் மீதோ இறங்குகிறது. (படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதந்தோறும் செலுத்திவரும் குடும்பங்கள் இந்த ₹1,40,000 சேராமல் காத்துக்கொள்கின்றன. இந்த எளிய வழியைப் பலரும் கேட்டறிவதில்லை.)

எதிர்ப்பக்கத்தில், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் கட்டணம் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் அரசு நிலையங்களில் பயில்வோருக்குப் பயிற்சிக் கட்டணம் இல்லை என்பதோடு, மாதம் ₹750 உதவித்தொகையும் உண்டு. தனியார் நிலையத்தில் சேர நேர்ந்தால், 2015-இல் அறிமுகமான திறன்வளர்ப்புக் கடன் திட்டம் இருக்கிறது. ₹5,000 முதல் ₹1.5 இலட்சம் வரை என்றிருந்த அதன் உச்சவரம்பு 2024 ஜூலையில் ₹7.5 இலட்சமாக உயர்த்தப்பட்டது. எனினும் கடன் கிடைக்கிறது என்பதற்காகவே வாங்க வேண்டியதில்லை. இரண்டாண்டுத் தொழிற்பயிற்சிக்கு இலட்சங்களில் கட்டணம் கேட்கும் நிலையத்தை ஐயத்துடன் பார்ப்பதே முறை.

இவ்வளவையும் படித்துவிட்டு, பட்டப்படிப்பு வீண் என்ற முடிவுக்கு ஒருவர் தாவிவிடலாகாது. காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் அறிக்கைகளில், கல்வி நிலை உயர உயர வேலையின்மை விகிதமும் உயர்ந்திருப்பது தொடர்ந்து காணப்படுகிறது. இதனை எடுத்துக்காட்டிப் படிப்பதே பயனற்றது என்று வாதிடுவோர் உளர். படித்தவர் தமக்குரிய வேலைக்காகக் காத்திருக்கிறார். படிக்காதவருக்குக் காத்திருக்க வசதியில்லை, கிடைத்த கூலிக்குச் செல்கிறார். அந்த வேறுபாட்டையும் இப்புள்ளிவிவரம் உள்ளடக்கியிருக்கிறது. அதுபோலவே, முறையான பள்ளிக் கல்வி அதிகமின்றி மின்மோட்டார் தயாரித்த கோவை ஜி.டி. நாயுடுவைச் சான்று காட்டுவதும் நியாயமன்று. அத்தகைய மேதை எப்படிப்பைப் படித்திருந்தாலும் மேதையாகவே இருந்திருப்பார். நாம் பேசுவது சராசரித் திறனும் சராசரி வசதியும் உள்ள பிள்ளைகளைப் பற்றி.

அத்தகைய பிள்ளைக்கு உண்மையிலேயே பயன்படும் செய்தி வேறொன்று உண்டு. அது போதிய அளவு பரவவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பத்தாம் வகுப்புக்குப்பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பாலிடெக்னிக் கல்லூரியில் உரிய பிரிவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் மீண்டும் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கூட்டிப் பார்ப்போம்: ஐ.டி.ஐ. இரண்டு, பட்டயம் இரண்டு, பொறியியல் மூன்று, ஆக ஏழு ஆண்டுகள். வழக்கமான பாதையில் மேல்நிலைப் பள்ளி இரண்டு, பொறியியல் நான்கு, ஆக ஆறு ஆண்டுகள். வேறுபாடு ஒரே ஓர் ஆண்டு! அந்த ஓராண்டுக்கு ஈடாக, இடையில் எந்நிலையில் நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். வழக்கமான பாதையில் பொறியியலை மூன்றாம் ஆண்டில் கைவிடும் மாணவரிடம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் கடனும்தான் எஞ்சுகின்றன.

இதிலும் ஓர் இடர் உண்டு. மேல்நிலை வகுப்பின் கணிதத்தைக் கற்காமல் பொறியியலுக்குள் நுழைபவர், நுண்கணிதத்தில் திணறுவது இயல்பு. பட்டயப் படிப்பின் முதலாண்டுக் கணிதத்தையும் அவர் தாண்டி வந்திருப்பார். மேற்படிப்பு எண்ணம் உள்ளவர் ஐ.டி.ஐ. காலத்திலேயே கணிதத்தைத் தனியே படித்துக்கொண்டு வருவது நலம். மேலும், இந்த ஓராண்டுக் கணக்கு பத்தாம் வகுப்பிலிருந்து புறப்படுவோருக்கு மட்டுமே பொருந்தும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஐ.டி.ஐ.யில் தொடங்கிப் பொறியியல் வரை செல்வோருக்கு வேறுபாடு மூன்று ஆண்டுகளாகிவிடும். அவர்கள் தொழிலுக்காகவே ஐ.டி.ஐ.யில் சேர வேண்டுமேயன்றி, பொறியியலுக்குச் சுற்றுவழியாக அதனைக் கொள்ளலாகாது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதி தேவைப்படும் ஐ.டி.ஐ. மாணவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே மொழிப்பாடம் உள்ளிட்ட தேர்வுகளை எழுதி அதனைப் பெற வழியிருக்கிறது.

பாதி வழியில் நிற்பவர்

ஆனால், பட்டறைப் பக்கத்துக் கணக்கிலும் ஒரு பெரிய நட்டம் ஒளிந்திருக்கிறது. அது, சான்றிதழோடு நின்றுவிடுவதுதான். ஐ.டி.ஐ. முடித்த கையோடு தெரிந்த ஒப்பந்ததாரர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்து, நாட்கூலியில் பழகி, திருமணமாகி, முப்பத்தைந்து வயதிலும் அதே உதவியாளாக இருப்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களைப் பார்த்துத்தான் பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை வெறும் பட்ட மோகம் என்று தள்ளிவிட முடியாது. வருங்கால வைப்புநிதி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, மழைக்காலத்தில் வேலையும் இல்லை என்றால் எந்தத் தந்தைதான் மகிழ்வார்?

இந்நிலையிலிருந்து மேலே ஏற இரண்டு படிகள் உள்ளன. முதலாவது தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி முப்பதும் அதற்கு மேலும் பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்வது கட்டாயம். ஐ.டி.ஐ. முடித்தவர் பெரும்பாலும் ஓராண்டு, சட்டம் வகுத்த குறைந்தபட்ச உதவித்தொகையுடன் அங்குப் பயில்கிறார். வீட்டு வயரிங்கை மட்டுமே அறிந்திருந்தவர் உயரழுத்த மின்மாற்றியையும் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுப் பலகையையும் முதன்முதலாகத் தொடுவது அங்கேதான். முடிவில் கிடைக்கும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்குத் தனி மதிப்பு உண்டு. இரயில்வேயின் உதவி இன்ஜின் ஓட்டுநர், தொழில்நுட்பப் பணியாளர் பதவிகளுக்கும், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் டெக்னீஷியன் பதவிகளுக்கும் பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. படித்தவர்கள் அழைக்கப்படுகின்றனர். பட்டதாரிகள் நுழைய இயலாத வாயில் என்றே இவற்றுள் சிலவற்றைச் சொல்லலாம்.

இரண்டாவது படி, உரிமம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் இங்கே ஒரு தெளிவான கோட்டினைக் கிழிக்கின்றன. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்சு போன்றவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு மாற்றிப் பொருத்துவது வேறு. புதிதாக வயரிங் செய்வதும் இருப்பதை விரிவாக்குவதும் வேறு. பின்னதை, மாநில உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தாம், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் மேற்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென உரிமம் வழங்கும் வாரியமோ துறையோ உண்டு. உதவியாளர், மின்கம்பியாள், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் எனப் படிப்படியாக உயரும் இவ்வேணியில் எங்கே நிற்கிறார் என்பதே ஒரு மின்பணியாளரின் வருமானத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நாட்கூலிக்கு உழைப்பவர் தம் கைகளின் வேலைக்கு மட்டுமே ஊதியம் பெறுகிறார். உரிமம் பெற்றவரோ தம் கையொப்பத்துக்கும் பொறுப்புக்கும் சேர்த்துப் பெறுகிறார். ஐ.டி.ஐ.யில் சேரும் நாளிலேயே, எத்தனையாவது ஆண்டில் எந்த உரிமம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளாதவர்கள்தாம் பாதி வழியில் நின்றுவிடுகின்றனர்.

தொழிலின் உள்ளடக்கமும் மாறி வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரியத் தகடுகளை அமைக்க இலக்கு வைத்துள்ளது. மூன்று கிலோவாட் அமைப்புக்கு ₹78,000 மானியம் உண்டு. வீட்டு வயரிங் தெரிந்தவர் இதனையும் செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால், நாம் வீட்டில் பயன்படுத்தும் மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்கிறது. அதனால் தொடர்பு துண்டிக்கப்படும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிட வாய்ப்புண்டு. சூரியத் தகட்டிலிருந்து வருவது நேர்மின்னோட்டம். அது சுழியைத் தொடுவதில்லை. தளர்ந்த இணைப்பில் எழும் பொறி நின்று எரியும், கூரைத் தீக்கும் காரணமாகும். தொடராக இணைத்த தகடுகளில் அழுத்தம் சில நூறு வோல்ட் வரை இருக்கும் என்பதையும் சேர்த்து நோக்கினால், பழைய அறிவைக் கொண்டே புதிய வேலையைச் செய்வது எத்துணை ஆபத்தானது என்பது விளங்கும். படிப்பு பிடிக்கவில்லை என்பதற்காக மின்பணிக்கு வருபவர், வாழ்நாள் முழுதும் படித்துக்கொண்டே இருக்க நேரும்!

உடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆண்டுதோறும் நம் நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்தாக்கி உயிரிழக்கின்றனர். அவர்கள் அனைவரும் மின்பணியாளர்கள் அல்லர். எனினும் அபாயத்துக்கு மிக அருகில் நாள்தோறும் நிற்பவர்கள் அவர்களே. ஏணியிலிருந்து விழுதலும் இத்தொழிலின் வழக்கமான விபத்து. நாற்பத்தைந்து வயதுக்குப் பின் முழங்காலும் தோளும் இளமையைப் போல் ஒத்துழைப்பதில்லை. அலுவலகத்தில் பணிபுரிவோருக்கு நிறுவனம் செய்து தரும் ஏற்பாடுகளை இவர்கள் தாமே செய்துகொள்ள வேண்டியுள்ளது.

அவற்றின் செலவு பெரிதன்று. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ₹20 சேமிப்புக் கணக்கிலிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது. விபத்தில் உயிரிழப்போ முழு ஊனமோ நேர்ந்தால் ₹2 இலட்சமும், பகுதி ஊனத்துக்கு ₹1 இலட்சமும் கிடைக்கும். ஒரு தேநீர்ச் செலவில் முடியும் இதனைக்கூடச் செய்யாத தொழிலாளர்கள் ஏராளம். 18 முதல் 40 வயதுக்குள் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தால் அறுபதுக்குப் பின் மாதம் ₹1,000 முதல் ₹5,000 வரை உறுதியான ஓய்வூதியம் உண்டு. வருமான வரி செலுத்துவோர் இதில் சேர இயலாது. கட்டுமானப் பணிகளில் ஈடுபடுவோர் மாநிலக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும் இன்றியமையாதது. ₹2 இலட்சம் காப்பீடு ஒரு குடும்பத்துக்குப் போதுமானதன்று என்பதால், வருமானம் உயர்ந்தபின் கூடுதல் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வதே விவேகம்.

சொந்தத் தொழில் தொடங்க விழைவோர், விசுவகர்மா திட்டத்தை எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்கின்றனர். அத்திட்டத்தின் 18 தொழில்களில் மின்பணி இடம்பெறவில்லை. அவர்களுக்கு ஏற்றது முத்ரா கடன். சிசு பிரிவில் ₹50,000 வரையும், கிசோர் பிரிவில் அதற்கு மேல் ₹5 இலட்சம் வரையும் பிணையமின்றிப் பெறலாம். மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், மின்காப்புத் தடையை அளக்கும் மெகர், எர்த் சோதிப்பான், துளையிடும் கருவி, நல்ல ஏணி ஆகியவற்றைக் கொண்டு ஒருவர் தொழில் தொடங்கச் சிசு பிரிவே பெரும்பாலும் போதும். ஒப்பந்ததாரர் உரிமத்துக்கும் அளவைக் கருவிகள் தேவைப்படுவதால், அக்கடன் இருமுறை பயன்படும்.

பெண்பிள்ளைகளுக்கு இத்தொழில் ஆகுமா என்ற கேள்வியும் எழுவதுண்டு. பெண்களுக்கெனத் தனித் தொழிற்பயிற்சி நிலையங்கள் பல மாநிலங்களில் உள்ளன. இயந்திரத் தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டுப் பலகைப் பிரிவிலும் மோட்டார் சுற்றும் பிரிவிலும் பெண்கள் திறம்படப் பணியாற்றுகின்றனர். பிறர் வீடுகளுக்குத் தனியே சென்று செய்யும் பணியில்தான் பாதுகாப்பு குறித்த தயக்கம் நிலவுகிறது, அது நியாயமான தயக்கமும்கூட. தொழிற்சாலை, மருத்துவமனை, மெட்ரோ இரயில் போன்ற நிறுவனப் பணிகளை நோக்கித் திட்டமிட்டால் அத்தயக்கம் பெரிதும் நீங்கும்.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பலரும் மறந்துவிடுகின்றனர். மின்கம்பிகளை நிறத்தால் அறிவதே இத்தொழிலின் அரிச்சுவடி: சிவப்பு, மஞ்சள், நீலம் மும்முனைகள், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். நிறக்குருடு உள்ளவர், அதிலும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர், பட்டறையில் இடர்ப்படுவார். இரயில்வேயின் ஓட்டுநர் பணிக்கோ தேர்வாகவே மாட்டார். கண் மருத்துவரிடம் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சோதனையை, இரண்டாண்டுப் படிப்பு முடிந்தபின் செய்து வருந்துவோர் உளர்.

ஐ.டி.ஐ.யைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத் தாளைப் பார்ப்பதைவிடப் பட்டறையைப் பார்ப்பது நன்று. ஆயிரம் அரசு நிலையங்களை மேம்படுத்த ₹60,000 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு 2025-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பயன் எல்லா இடங்களையும் ஒரே நாளில் எட்டிவிடாது. ஆகவே, பெற்றோரும் பிள்ளையும் விடுமுறை நாளில் செல்லாமல், பயிற்சி நடக்கும் பணிநாளொன்றில் நேரில் செல்ல வேண்டும். மோட்டார்கள் கழற்றி மாட்டப்படுகின்றனவா, தூசு படிந்து கிடக்கின்றனவா? ஒரு மல்டிமீட்டரைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கின்றனர்? பயிற்றுநர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எந்தெந்த நிறுவனங்களில் பழகுநர்களாகச் சேர்ந்தனர் என்று கேட்டால், நல்ல நிலையம் பெயர்ப்பட்டியலையே எடுத்து நீட்டும்.